முரம்பு, குரம்பு, குறும்பூழ்

வாயைத் திறக்கக் கூடாது. கொட்டாவி வந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் விட வேண்டும். கொட்டாவியோடு கொட்டாவியாக முரம்பு வெளியே வந்து விழுந்துவிட்டால் போன வாரம் முழுக்கக் கட்டிக் காத்தது வீணாகிவிடும். முரம்பு, குரம்பு, குறும்பூழ், இறும்பூது. நான்கும் இருக்கின்றன. பக்கத்தில் என் மகள் பாவை உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஆட்டும்போதெல்லாம் ஆஸ்பத்திரியின் இந்த நீளமான இரும்பு பெஞ்சு முழுவதும் லேசாக அதிர்கிறது, அந்தக் கடைசியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். இரும்பு. பார், இதிலும் இருக்கிறது. மூன்று மாதமாக எனக்கு இந்த வியாதி. எதைத் தொட்டாலும் ம்பு. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எஸ்தர் மேடத்தின் அறைக்கதவு மூடியிருக்கிறது, உள்ளே வேறொரு குழந்தை கா, கா, கா என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது, அது முடிந்தால் நாங்கள். உள்ளே போய் உட்கார்ந்து, மேடம் தலையசைத்ததும், அப்போதுதான் நான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பாவையிடம் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டேயிராத சொற்களாக அவை அவள் காதில் விழ வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். ம்-முக்கும் பு-வுக்கும் நடுவில் அவள் வாய்க்குள் இருக்கும் ஒரு கதவு மூடினால் இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். மூடாவிட்டால் முழுப் பரீட்சை லீவிலேயே படுக்கவைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஒரு பிள்ளையின் தொண்டையில் கத்தி வைப்பதா வேண்டாமா என்பதை முரம்பும் குரம்பும் முடிவு செய்யப் போகின்றன என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், முதலில் நீங்கள் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கதவு என்று மேடம்தான் சொல்வார். எனக்கு அது முதலில் பிடிக்கவில்லை, வாய்க்குள் எதற்குக் கதவு, இது என்ன வீடா. பிறகு கண்ணாடியைப் பிடித்து டார்ச் அடித்து என் வாய்க்குள் நானே பார்த்தேன். ஆ என்றதும் உள்நாக்கோடு சேர்ந்து அந்தச் சதை சடாரென்று மேலே எழும்பியதைப் பார்த்து டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன். நாற்பது வயதாகிறது, என் வாய்க்குள் ஒன்று இப்படி எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? அண்ணத்தின் பின்பாதி அது. ம் சொல்லும்போது தொங்கிக்கொண்டிருக்கும், காற்று மூக்கு வழியாகப் போகும். ப சொல்லும்போது மேலே எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைத்துக்கொள்ளும், காற்றெல்லாம் உதட்டுக்குப் பின்னால் வந்து முட்டி நிற்கும். பாவை அந்த இடத்தில் பிளவோடு பிறந்தவள். உதடு அழகாக இருந்தது, மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புகட்டிய பால் மூக்கு வழியே வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு வயதில் தைத்தார்கள். தைத்தது ஒட்டிக்கொண்டது, ஆனால் அது ஓடியாடி வேலை செய்யப் பழகவில்லை. "தனி ப, தனி கு எல்லாம் இப்ப நல்லா சொல்றா, பாவை அம்மா," என்றார் எஸ்தர் மேடம். "அதுக்கு முன்னாடியே கதவ சாத்தி வெச்சுக்கலாம் இல்லையா. ம்பு அப்படி இல்ல. தெறந்த கதவ ஓடற ஓட்டத்துலயே சாத்தணும். அங்கதான் இவளுக்குத் திணறுது." திணறி, கதவு திறந்தது திறந்தபடியே நின்றுவிடும். பாம்பு பாம்மு ஆகிவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, அதற்குப் பின்னால் வருகிற சொற்களும் மூக்கு வழியாகவே போய்விடும், எதிரே நிற்கிறவர்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அவளை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். என்ன சொல்லுது பாப்பா? கடைக்காரர், பஸ் கண்டக்டர், அவளுடைய சொந்த அத்தை, எல்லோரும் அவள் பேசினால் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொல்வேன். எனக்கு எல்லாம் புரியும். எனக்கு மட்டும் புரிந்து என்ன ஆகப் போகிறது?

முரம்பு, குரம்பு, இறும்பூது. இன்னொன்று? நான்கு இருந்ததே. ஒன்று பறவை. பறவைதான், சின்னது, புதரில் ஓடும், காடை. காடைக்குப் பழைய பேர். குறும்பூழ். அப்பா, வந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னேனா? இல்லை, பாவை பெஞ்சில் நகத்தால் ஏதோ கீறிக்கொண்டிருக்கிறாள், திரும்பவில்லை. ராத்திரி தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்று ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் இவரைக் கேட்கிறேன். "நேத்து நான் ஏதாவது பேசினேனா?" இவர் துவாக்குடியில் லேத் பட்டறையில் இருக்கிறார், தாயுமானவன் என்று பேர், காது பாதி அந்தச் சத்தத்திலேயே போய்விட்டது, இவரிடம் போய்க் கேட்கிறேன் பார். "நீ பேசாம இருந்தாத்தான்டி எனக்கு முழிப்பு வரும்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பேசல அரசி, நிம்மதியா இரு," என்றார். அவருக்கும் நான் சொல்லவில்லை அந்த நான்கையும். சொன்னால் அவர் சாப்பிடும்போது எடுத்து விட்டுவிடுவார், பாவை பிடித்துக்கொள்வாள். அவளுடைய தமிழ்ப் புத்தகத்தைக்கூட அட்டை முதல் அட்டை வரை பார்த்துவிட்டேன், எங்காவது ஒரு மன்னன் எதையாவது கண்டு வியந்து இறும்பூது எய்திவிட்டானா என்று. நல்லவேளை, மூன்றாம் வகுப்பில் யாரும் எய்தவில்லை.

இத்தனை கட்டுக்காவல் எதற்கென்றால், பழகிய சொல்லை நம்ப முடியாது. அதையும் மேடம்தான் சொன்னார். "பாம்பு, எலும்புன்னு தெரிஞ்ச வார்த்தைய குடுத்தா பழைய பழக்கம் முன்னாடி வந்து நின்னுக்கும். அவளால முடியலையா, இல்ல பழக்கம் விடலையான்னு எனக்கே தெரியாது. அவ வாய் ஒரு தடவகூடத் தொடாத வார்த்தை வேணும். அதுல மூடுச்சுன்னா கதவு நல்லாயிருக்கு, பழக்கம்தான் தப்பு. அதுலயும் மூடலைன்னா கதவே குட்டை." முதலில் சும்மா டிம்பு, லம்பு என்று இல்லாத வார்த்தைகளைக் கொடுத்துப் பார்த்தார். பாவை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அது வார்த்தையே இல்லை, நான் சொல்ல மாட்டேன் என்று. அப்பன் பிடிவாதம் அப்படியே. சரி, வார்த்தைதானே வேண்டும், கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கைபேசியில் அகராதியைத் திறந்து ம்பு என்று தட்டினேன், அவ்வளவுதான், வந்துகொண்டே இருந்தன. ஏதோ பத்து இருபது இருக்கும் என்று நினைத்தவள் ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். சுரும்பு என்றால் வண்டு. பறம்பு என்றால் மலை. நுளம்பு என்றால் கொசு, யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்களாம். புலம்பு என்றால் தனிமை, அழுகை இல்லை, வெறும் தனிமை, ஆள் இல்லாத இடத்தின் தனிமை. அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. யாரோ ஒருத்தி அந்தத் தனிமைக்கு ஒரு சத்தம் தேடி உதட்டைச் சேர்த்து மூடி, கதவைச் சாத்தி, பு என்று திறந்திருக்கிறாள், எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், அவளுக்கும் அந்தச் சதை தானாக எழும்பியிருக்கிறது, அவளுக்கும் தெரியாது.

ஆனால் ஒரு கஷ்டம், புதுச் சொல் புதுசாகவே இருப்பதில்லை. திங்கட்கிழமை சுரும்பைக் கொண்டுபோனால் வெள்ளிக்கிழமைக்குள் அது எங்கள் வீட்டு ஆள் ஆகிவிடும். ட்யூப்லைட்டைச் சுற்றி ஏதாவது பறந்தால் "அம்மா, சுரும்மு!" கொசு கடித்தால் இவர் "நுளம்பு மருந்தைக் கொளுத்துடி" என்கிறார். சமையலறையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தால் பாவை எட்டிப் பார்த்து, "புலம்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கூடவே வந்து நிற்பாள். அப்படிக் கேட்க யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. சொல்லைப் பழக்கப்படுத்திவிட்டோம், அத்தோடு அது பரீட்சைக்கு உதவாமல் போய்விட்டது. முதலில் ஒரு நாள் சரியாகச் சொல்வாள், அதாவது சரியாகச் சொன்ன மாதிரி எனக்குக் கேட்கும், பிறகு அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் பழைய பழக்கம் அதையும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மேடம் போன வாரம் சொன்னார், "அடுத்த தடவ கொண்டார்ற வார்த்தைய வீட்ல சொல்லாதீங்க. இங்க வந்து மொதமொதல்ல சொல்லுங்க. அத வெச்சு நான் டாக்டருக்குச் சொல்லிடறேன்." அன்றிலிருந்து நான் இந்த நான்கையும் சுமந்துகொண்டு அலைகிறேன். பிள்ளையைச் சுமந்தபோதுகூட இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேனா தெரியாது.

கா, கா, கா. உள்ளே அந்தக் குழந்தைக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வருமடா கண்ணு. ஃபினைல் வாடை. இந்த வாடைதான் எனக்கு ஆகாது. ஒரு வயதில் ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது இதே வாடை, குழந்தையின் இரண்டு கைக்கும் முழங்கையோடு சேர்த்து அட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், விரலை வாய்க்குள் விட்டுத் தையலைப் பிரித்துவிடக் கூடாது என்று. கையை மடக்க முடியாது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நேராக நீட்டினாள், மடக்கிக் கழுத்தைக் கட்டிக்கொள்ள முடியவில்லை, நீட்டியபடியே அழுதாள், அழுகையில் சத்தம் வரவில்லை. சாயங்காலம் வாயோரத்தில் சிவப்பாக வந்தது, மறுபடியும் உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கதவு என் முகத்துக்கு நேரே ஆடி ஆடி நின்றது. இரண்டாவது ஆபரேஷனில் தொண்டையின் பின்பக்கத்திலிருந்து சதையை எடுத்து வழியைக் குறுக்குவார்களாம். சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அவருக்குச் சின்னது. இப்போது அவளுக்கு எட்டு வயது, இந்தத் தடவை எல்லாம் ஞாபகம் இருக்கும், தியேட்டர் விளக்கு ஞாபகம் இருக்கும், என்னைத் தேடியது ஞாபகம் இருக்கும். வேண்டாம். அதை நினைக்காதே. முரம்பு, குரம்பு. முரம்பு என்றால் பரல் கற்கள் கிடக்கும் மேட்டு நிலம். காலில் குத்தும். குரம்பு என்றால் தண்ணீரைத் தடுக்கப் போட்ட கரை, அணை. அந்தக் காலத்தில் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துக் கத்தியிருப்பான், குரம்பு, குரம்பு என்று. வெள்ளம் வரும் அவசரத்திலும் அவன் வாய்க்குள் அந்தக் கதவு தவறாமல் மூடியிருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இதெல்லாம் யார் பார்த்துப் பார்த்துச் செய்தது?

ஆபீஸில் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்கள். மின்வாரியத்தில் புகார் எடுக்கிற வேலை எனக்கு, நாள் முழுக்க ஃபோன். முந்தாநாள் ஒருத்தர் கத்துகிறார், "ஏம்மா, கம்பம் சாஞ்சு கம்பி தொங்குது, பள்ளிக்கூடம் விடற நேரம், ஆள் அனுப்பறீங்களா இல்லையா?" நான் தெருப் பெயரைக் கேட்காமல் அவருடைய கம்பத்தையும் கம்பியையுமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கோபம், அவ்வளவு வேகம், ஒவ்வொரு தடவையும் கதவு சாத்திச் சாத்தித் திறக்கிறது, ஒரு தடவைகூடப் பிசகவில்லை. "என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?" இருக்கேன் சார், இருக்கேன், எந்தத் தெரு சார். திருச்சி முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் கரும்பு விற்கிறவர், வம்பு பேசுகிற பக்கத்து வீட்டுக்காரி, தும்பு அறுந்த மாட்டைத் துரத்துகிற பையன், எல்லோரும் கோடீஸ்வரர்கள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாமலே அள்ளி அள்ளிச் செலவழிக்கிறார்கள். என் பிள்ளைக்கு அதில் ஒன்று, ஒரே ஒரு ம்பு கொடுங்களேன் என்று சில சமயம் ரோட்டில் நின்று கேட்கலாம்போல இருக்கும்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயரைப் பார். பூம்பாவை. இவருக்குப் பிடித்த பெயர், எனக்கும் பிடித்தது, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம், நாக்கில் இனிப்பாக இருந்தது. பெயர் வைக்கும்போது கூப்பிடுகிறவர்கள் வாயைத்தான் நினைத்தோம். அந்தப் பெயரை அவளும் ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. போன கோடையில் காவிரிப் பாலத்துப் பக்கம் ராட்டினத்துக்காக வரிசையில் நிற்கிறோம், முன்னால் நின்ற பெண் குழந்தை திரும்பி, உன் பேர் என்ன என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் பாவை சொன்னாள், "மாலினி." தெளிவாக, கணீரென்று. ம, ல, ன, எல்லாம் அவளால் சொல்ல முடிந்த எழுத்து, ஒன்றுகூட மூக்கில் சிக்காது. எத்தனை நாளாகத் தேடிப் பொறுக்கி வைத்திருந்தாளோ. அந்தக் குழந்தையின் அம்மா என்னைப் பார்த்து, "மாலினியா, அழகான பேரு," என்றாள். "ஆமாங்க, மாலினிதான்," என்றேன். ராட்டினம் மேலே போகும்போது பாவை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆனால் நான் மட்டும் என்ன ஒழுங்கு? எஸ்தர் மேடத்திடம் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கிறது. ஒரு முனையை மூக்குத் துவாரத்தில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் மூக்கு வழியாகப் போகும் காற்று கேட்கும். ம் சொன்னால் ஊ என்று இரைச்சல், ப சொன்னால் நிசப்தம். இரண்டாவது தடவை போனபோது, "சரியா சொன்னா எப்படி இருக்கும்னு பாப்பா கேக்கட்டும், உங்க மூக்குல வெக்கறேன், அவளப் பாத்து பாம்புன்னு சொல்லுங்க," என்றார். பாவை பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுமுனையைக் காதில் வைத்தாள். நான் அவளைப் பார்த்துச் சொன்னேன். மேடம் குபீரென்று சிரித்துவிட்டார். "பாவை அம்மா, நீங்க பாம்முன்னு சொல்றீங்க!" இல்லையே என்றேன். மறுபடி சொன்னேன். பாம்மு. சத்தியமாக எனக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அவளோடு பேசிப் பேசி, அவள் முகத்தைப் பார்த்தால் என் கதவும் மூடுவதில்லை. இவருக்கும் அப்படித்தான், அன்று ராத்திரி சோதித்துப் பார்த்தேன், பட்டறையில் இரும்பு என்கிறவர் வீட்டில் இரும்மு என்கிறார். நாங்கள் மூன்று பேரும் எங்களுக்கென்று ஒரு பாஷையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அதற்கு அடியில் ஒரு மாதிரி பெருமையாகவும் இருந்தது. அதை மேடத்திடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து பாவையிடம் பேசும்போது ஒவ்வொரு ம்புவையும் ஆணி அடிப்பதுபோல அடித்துச் சொல்கிறேன். "அம்மா, நீ ஏன் டிவியில பேசற மாதிரி பேசற?" என்கிறாள்.

"பூம்பாவை யாரும்மா?" நர்ஸ். கதவு திறந்துவிட்டது, கா, கா குழந்தை அப்பா தோளில் தூங்கிக்கொண்டே போகிறது. எழுந்திருக்கிறேன். பாவை எனக்கு முன்னால் ஓடிப்போய் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், மேடத்துக்கு ஹலோ சொல்லியாயிற்று, குழாயைத் தானே எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். மேடம் மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு, முதலில் பழையதைக் கேட்கிறார். பாம்பு? "பாம்மு." எலும்பு? "எலும்மு." குழாய் தேவையில்லை, எனக்கே கேட்கிறது. மேடம் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். ஒன்றுமில்லை. காலி. ஒரு வாரம் மூடி வைத்திருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை, வெள்ளைச் சுவர், சுவரில் காலண்டர், காலண்டரில் ஒரு மாம்பழம். மலையா, பறவையா, என்னவோ காலில் குத்துமே. பாவை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி. தண்ணீர். இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தன் நிற்கிறான், கத்துகிறான். "குரம்பு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பாவையின் புருவம் மேலே போனது, இது நிஜ வார்த்தையா என்பதுபோல ஒரு கணம் பார்த்தாள், என்ன தோன்றியதோ, நம்பினாள். "குரம்பு," என்றாள். மேடத்தின் முகத்தில் எதுவும் இல்லை. இந்த மேடத்தின் முகத்தில் எப்போதும் எதுவும் இருக்காது, அதற்கும் படிப்பு உண்டு போல. "அடுத்தது." குரம்பு கையைப் பிடித்து மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது. "முரம்பு." "முரம்பு." "குறும்பூழ்." "குறும்பூழ்." சிரித்தாள், அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துவிட்டது. "இறும்பூது." "இறும்பூது." எனக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனால் எனக்கு என்றைக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை? என் காதை நான் எப்படி நம்புவது?

மேடம் காதிலிருந்து குழாயை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே கேளுங்க." வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். "சொல்லு கண்ணு, குறும்பூழ்." காதுக்குள் அவள் மூச்சு. பிறகு ம் வந்தது, ஒரு தேனீக்கூட்டம் முழுக்கக் காதுக்குள் புகுந்த மாதிரி இரைச்சல், அது அப்படியே நின்றுபோனது. நின்றது என்றால் கத்தரித்த மாதிரி நின்றது. அந்த நிசப்தம் இமைப்பொழுதுகூட இருக்காது, அதற்குள் பூ வெடித்து வெளியே வந்துவிட்டது, குழாயில் இல்லை, அறையில், காற்றில். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இரைச்சல், நிசப்தம். இன்னொரு தடவை. நான் என் பிள்ளையின் தலைக்குள் ஒரு கதவு சாத்துவதைக் கேட்டேன். எந்தக் கோயிலிலும் எனக்கு இப்படி ஆனதில்லை. "கதவு நல்லா இருக்கு, பாவை அம்மா," என்றார் மேடம், முகத்தில் இப்போது கொஞ்சம் இருந்தது. "ஆபரேஷன் வேணாம்னு எழுதிடறேன். ஆனா இனிமேதான் வேலையே. பழைய வார்த்தைங்க அவ்வளவு சீக்கிரம் மாறாது. மாசக்கணக்காகும், வருஷம்கூட ஆகலாம். ஒவ்வொண்ணா வரும். நீங்க பறக்காதீங்க." சரி மேடம், பறக்கலை மேடம், நன்றி மேடம் என்று எதையெதையோ சொன்னேன். பாவை, "காடைக்கு ஏன் அந்தப் பேரு?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாள். அந்தச் சந்தோஷத்தில் அது காடை என்றும் எப்போது சொன்னேன் என்றே தெரியவில்லை.

வெளியே வெயில். கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீயும் பாவைக்கு ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்கத் தெம்பு இல்லை. இவருக்கு ஃபோன் பண்ண வேண்டும், பண்ணினால் அழுதுவிடுவேன், பட்டறைச் சத்தத்தில் அவருக்கு அது வேறு மாதிரி கேட்டுத் தொலையும், கொஞ்சம் போகட்டும். பக்கத்தில் ஏதோ கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், லோடு இன்னும் வரவில்லை, எவன் பொறுப்பு என்று. எங்களை அவர் பார்க்கவே இல்லை. பாவை இரண்டு கையாலும் பன்னைப் பிடித்துக் கடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, வாயில் பன்னோடு, "அங்கிள், உங்க டீயில எறும்பு கெடக்கு," என்றாள். அவர் பேச்சை நிறுத்தினார். வழக்கமான முகம் வரப் போகிறது, சுருங்கிய முகம், என் பக்கம் திரும்பும், நான் தயாராகிவிட்டேன், சொல்ல வேண்டியது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "எறும்பா?" என்றார் அவர், அவளைப் பார்த்து. கிளாஸுக்குள் பார்த்தார். "அட, ஆமா." ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விரல் நுனியால் அதை எடுத்தார். "செத்துப்போச்சா?" என்று பாவை கேட்டாள். "இல்லம்மா, நடக்குது பாரு," என்று விரலை அவள் பக்கம் நீட்டினார். இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.